தம்பியாக இருந்தவன் சார் ஆனேன்

குன்னூர்,
பொங்கல் கழிந்த வாரம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் பூண்டு மூட்டையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. வீடு முழுக்க உங்கள் கொடைக்கானல் வாசம். மலைப்பூண்டுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம் என்று கடிதத்துக்குக் கடிதம் பீற்றிக்கொள்கிறாயே, எங்கள் ஊட்டி வர்க்கிக்கும் 2023-ல் கிடைத்துவிட்டது. இனிமேலாவது அடக்கி வாசி.

இங்கே பனி கடுமை. தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி உப்பைக் கொட்டியது போல் கிடக்கிறது. கருகிய தேயிலைச் செடியில் மறுபடி கொழுந்து வர நாளாகும் என்பதால் ஃபேக்டரிக்கு இலை வரத்தும் குறைவு. வேலை குறைந்தால் மனசு வேண்டாததை எல்லாம் அசைபோடுகிறது. கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

எங்கள் டீ மேக்கரை, அதாவது ஃபேக்டரியில் இலையைத் தூளாக்கும் வேலை முழுக்கப் பார்த்துக்கொள்கிறவரை, பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எட்டு வருடமாக அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தம்பி. காலையில் எடைச் சீட்டுகளோடு மாடிக்குப் போனால், ராத்திரி முழுக்க வாடப்போட்ட இலையில் ஒரு பிடி அள்ளி என் கையில் திணிப்பார். "அமுக்கிப் பாரு தம்பி." இறுக்கிப் பிடித்து விரலை விரித்தால் உருண்டை அப்படியே நிற்க வேண்டும். பொலபொலவென்று விரிந்துகொண்டால் இன்னும் வாடவில்லை என்று அர்த்தம். காம்பும் ஒடியக் கூடாது, வளைய வேண்டும். கணக்கு எழுதுகிறவனுடைய அபிப்பிராயம் அவருக்கு எதற்கு? ஆனாலும் நான் "போதும்ணா" என்று சொன்ன பிறகுதான் இலையை முறுக்கும் ரோலருக்கு விடச் சொல்வார்.

ஐப்பசியில் ஒரு நாள், "நேத்து மூவாயிரத்து இருநூறு கிலோ சார்" என்றார். மேனேஜர் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை.

அன்றிலிருந்து சார்தான். சண்டை இல்லை, முறைப்பு இல்லை. கேட்டதற்குப் பதில் வரும், கையெழுத்து வரும். இலை மட்டும் என் கைக்கு வரவில்லை. முகத்துக்கு நேரே திட்டியிருந்தால்கூட அன்றைக்கே தீர்ந்திருக்கும். இந்த "சார்" இருக்கிறதே, கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து வணக்கம் சொல்வது போல.

ராத்திரி படுத்தால் பழைய பேரேட்டைப் புரட்டுவேன். மேனேஜர் எதிரில், "இத்தனை இலைக்குத் தூள் குறைகிறதே" என்று ஒரு தரம் சொன்னேனே, அதுவா? நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்பது தோராயக் கணக்கு. மழை நாளில் இலையோடு தண்ணீரையும் சேர்த்து எடை போடுகிறோம், தூள் குறையத்தான் செய்யும். எனக்கே தெரிந்ததுதான், வாய் சும்மா இருக்கவில்லை. இல்லை, அவர் பெண்ணின் சீமந்தத்துக்குப் போகாமல் இருந்தேனே, அதுவா?

அப்புறம் ஒரு மடத்தனம் செய்தேன். லாரி டிரைவரிடம், "அண்ணன் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டுவைத்தேன். சாயங்காலத்துக்குள் எங்கள் இருவருக்கும் பணத் தகராறு என்று பாக்கிங் செக்‌ஷன் வரை செய்தி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அதன் பிறகுதான் நேரே போனேன். ஷிஃப்ட் முடிந்து ஆள் இல்லாத நேரம். "அண்ணா, என் மேல ஏதாவது வருத்தமா? இருந்தா சொல்லிடுங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். "அப்படி எல்லாம் ஒண்ணும் இல்லை சார்." "சரிண்ணா" என்று இறங்கி வந்துவிட்டேன். இரண்டாம் தரம் கேட்பதாக இல்லை. அதற்கு மேல் கேட்டால் அது விசாரணை.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது உன் ஞாபகம் வந்தது. 2018-ல் குறிஞ்சி பூத்திருக்கிறது, வாடா என்று எத்தனை தரம் போன் செய்தாய்! நான் எடுக்கவே இல்லை. அப்பா கோவையில் ஆஸ்பத்திரியில் இருந்தார், நான் கடனுக்கு அலைந்துகொண்டிருந்தேன். உன்னிடம் மட்டும் கேட்கக் கூடாது என்று ஒரு வீம்பு. பேசினால் கேட்டுவிடுவேன், அதனால் பேசவில்லை. உன் மேல் எனக்கு என்ன கோபம் இருந்தது? ஒன்றுமில்லை. நீ என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டு கிடந்திருப்பாய் என்பது இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் உறைக்கிறது. மன்னித்துக்கொள்டா.

மேக்கர் விஷயமும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. நிஜமாகவே என் மேல் கோபமாகவும் இருக்கலாம். எதுவானாலும் அவர் சொல்லும்போது சொல்லட்டும். நான் மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை நானே ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்து, "போதும்ணா" என்றேன். "இன்னும் ஒரு மணி நேரம் போகணும் சார்" என்றார். அவர் சொன்னதுதான் சரி, உருண்டை மெதுவாக விரிந்துகொண்டிருந்தது.

குறிஞ்சி இனி 2030-ல்தான். அதுவரை காத்திருக்காதே, சித்திரையில் குடும்பத்தோடு இங்கே வா. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வர வேண்டும் என்றால் முன்பதிவு தொடங்கியதுமே டிக்கெட்டை எடுத்துவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது. பூண்டு மட்டும் கொண்டு வராதே, இதை உரித்து முடிக்கவே சித்திரை ஆகிவிடும் என்கிறாள் உன் தங்கச்சி.

அன்புடன்,
உன் மாப்ளே