தம்பிக்கு அம்மா எழுதுவது

பாபநாசம்
ஆடி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். குறுவை நட்டாயிற்று, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. அப்பாவின் முழங்கால் முன்பு போலத்தான்.

புற்றுநோயில் போன உன் கூட்டாளி நினைவாக நீங்கள் சேர்க்கிற பணம் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று உன் தங்கை சொன்னாள். நீ சொல்லவில்லை. சித்திரையில் உளுந்து விற்றதில் 5,000 ரூபாய் இதற்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். வங்கியில் விசாரித்தேன். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காதாம். எனக்கு அது தேவையில்லை, சம்பளம் வாங்குகிற உன் கூட்டாளிகளுக்குத் தேவைப்படும். அதனால் யார் பணமும் உன் கணக்குக்கு வர வேண்டாம். நேராக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக் கணக்குக்கே போகட்டும், ரசீதை அவரவர் பெயரில் வாங்கட்டும். மாமா பேராவூரணியில் மொய் விருந்து வைத்தபோது நோட்டு எழுதியவன் நீ, ஒரு ரூபாய் பிசகவில்லை. மொய்ப் பணத்தையாவது திருப்பிச் செய்துவிடலாம். இது யாரும் திரும்பக் கேட்காத பணம், கணக்கு இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். ரசீது முக்கியம்.

அடையாறுக்கு என்று முடிவு செய்தது எனக்குப் பெருமைதான். முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையை இந்த நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, அந்த நினைப்பை வருஷக்கணக்காக விடாமல் வைத்திருந்து 1954ல் 12 படுக்கையோடு அதைத் தொடங்கினார். அங்கே டாக்டராக இருந்த சாந்தா அம்மா 2021ல் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே குடியிருந்து பார்த்துக்கொண்டார். கடைத்தெருவில் உன்னைப் பற்றி நல்லபடியாக விசாரிக்கிறார்கள், எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஆனால் அவன் அம்மாவை நீ இன்னும் வந்து பார்க்கவில்லை. ஊரெல்லாம் பணம் கேட்க முடிகிறது, கீழத்தெருவுக்கு வர முடியவில்லையா? போன வாரம் அவளோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வாயில் புண் என்றதும் உடம்புச் சூடு என்று நினைத்து மாதக்கணக்கில் மணத்தக்காளிக் கீரை கடைந்து போட்டாளாம், தேங்காய்ப் பால் எடுத்துக் கொடுத்தாளாம். அவனும் மறுக்காமல் சாப்பிட்டுவிட்டு, வெளியே போய் அந்தப் புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வானாம்.

பொங்கலுக்கு வந்தபோது நீயும் மணத்தக்காளி கேட்டாய். வத்தக்குழம்பைத் தொடவில்லை, காரம் எரிகிறது என்றாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முகாம் போட வந்த பல் டாக்டர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலோ, உள்கன்னத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலோ உடனே காட்ட வேண்டும். காரம் எரிவதும் வாய் முன்போலத் திறக்காததும் கூட ஓர் அடையாளம். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த மூன்று விரலும் உள்ளே போக வேண்டும். புகையிலைதான் என்றில்லை, பாக்கும் கெடுதலாம். அதைக் கேட்டதிலிருந்து அப்பா தாம்பாளத்தையே தொடுவதில்லை, கும்பகோணம் வெற்றிலை வாங்கி வந்தால் சாமிக்கு மட்டும்தான். இந்த வயதில் அவரால் முடிகிறது என்றால் யாராலும் முடியும். விடுவதற்கு உதவி கேட்க 1800-11-2356 என்று புகையிலைப் பொட்டலத்திலேயே எண் போட்டிருக்கிறது. எந்தப் பொட்டலத்தில் பார்த்தேன் என்று கேட்காதே.

ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் குணமாக்கிவிடலாம் என்றும் அவர் சொன்னார். அதைத்தான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரசீது வாங்க நேரில் போக வேண்டியதில்லை, தெரியும். ஆனாலும் அடையாறுக்கு நேரில் போ. புகையிலையை விட உதவுகிற பிரிவு அங்கேயே இருக்கிறது. வாயைத் திறந்து ஒருமுறை காட்டிவிடு. வேலை, மீட்டிங் என்று தள்ளிப் போடாதே. அவனும் அப்படித்தான் தள்ளிப் போட்டான். வேளைக்குச் சாப்பிடு, ரசீதுகளைப் பத்திரமாக வை, காட்டிவிடு.

ஆடிப்பெருக்குக்கு வா. கீழத்தெருவுக்கு நானும் கூட வருகிறேன், தனியாகப் போக வேண்டாம். டாக்டர் என்ன சொன்னாலும் முதலில் எனக்குச் சொல். அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா