'இதோ' என்று வந்து நின்றவர்களுக்கு

அன்பான பங்கு மக்களுக்கும், சிஸ்டர்களுக்கும், கண்காட்சிக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்,

நவம்பர் 15, நம் ஊட்டி நாசரேத் கான்வென்ட் சிஸ்டர்களின் சபையை நிறுவிய அன்னை பாடுகளின் மரியாவின் நினைவு நாள். அதை ஒட்டி நம் பங்கு மண்டபத்தில் வைத்த கண்காட்சியும், கூடவே அச்சடித்த சின்னத் தமிழ்ப் புத்தகமும் நல்லபடியாக முடிந்தன. அன்று பூசை முடிந்ததும் மைக்கில் இரண்டு நிமிடம் நன்றி சொன்னேன். அது போதாது என்று மனசு உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று உங்களில் பலரும் கேட்டுக்கொண்டீர்கள். சரி, பேர் இல்லாமலே எழுதுகிறேன். யார் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

ஊட்டியில் நாசரேத் கான்வென்ட் தெரியாதவர் இல்லை. வெள்ளை உடுப்பு சிஸ்டர்களைப் பார்க்காமல் இங்கே யாரும் வளரவில்லை. ஆனால் உலகம் முழுக்கப் பரவியிருக்கும் அந்தச் சபை நம் மலையில்தான் உருவானது என்று எனக்கே நாற்பது வயது தாண்டித்தான் தெரிந்தது. தெரிந்த நாளில் இருந்து, இதை நம் பாட்டிமார் வாசிக்கிற தமிழில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரே தவிப்பு.

அந்தத் தவிப்பைக் கேட்டு முதலில் கதவைத் திறந்தது மடத்தின் மூத்த சிஸ்டர் ஒருவர். மூன்று சனிக்கிழமைகள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். பிரான்சில் நாந்த் நகரத்தில் 1839-இல் பிறந்த எலேன் என்கிற பெண், 1864 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில், துலூஸ் நகரில் பரிகார மரியா சபையின் உடுப்பைப் பெற்றாள். அன்றுதான் பாடுகளின் மரியா என்ற பெயரும் கிடைத்தது. மறு வருடமே நவசன்னியாசியாக, அதாவது இன்னும் பயிற்சியில் இருக்கும் சிஸ்டராக, கப்பல் ஏறி மதுரை மிஷனுக்கு வந்தாள். 28 வயதில் அந்தச் சபையின் இங்குள்ள மடங்களுக்கெல்லாம் தலைவி. திருச்சி, தூத்துக்குடி, அடைக்கலாபுரம் மூன்று மடங்களும் அவள் பொறுப்பில். 1874-இல் ஊட்டியில் ஒரு மடம்.

அப்புறம் வந்தது நோவு. மிஷனுக்குள் இருந்த பிணக்குகள் முற்றி, 1876-இல் அவளோடு சேர்த்து 20 பேர் தங்கள் சபையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் ஒதுங்க வந்த இடம் இந்த ஊட்டி மடம். கோயம்புத்தூர் ஆயராக இருந்த பார்து ஆண்டகை அவர்களை ஏற்றுக்கொண்டார். அதே வருடம் நவம்பரில் அன்னை ரோமுக்குப் புறப்பட்டார். 1877 ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று, திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி கொடுத்தார். மரியாயின் மறைபரப்பாளர்கள் என்று பெயர். 1882-இல் அசிசியார், அதாவது புனித பிரான்சிஸ், திருநாளன்று அன்னை பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர, பெயரோடு 'பிரான்சிஸ்கன்' என்பதும் சேர்ந்துகொண்டது.

இதைச் சொல்லி முடித்ததும் சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த 20 பேரும் இங்கே வந்தப்போ கையிலே என்ன இருந்திருக்கும், சொல்லு" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை. அவர் மடியில் பீடத் துணி ஒன்று விரித்திருந்தது. ஓரத்தில் வெள்ளை நூலால் வெள்ளைத் துணியிலேயே பூவேலை. சாய்த்துப் பிடித்தால்தான் பூ தெரியும். கண்காட்சிக்கு எடுத்துக்கொள் என்று அதை மடித்து என் கையில் கொடுத்தார். சிஸ்டர், அந்த மூன்று சனிக்கிழமைகளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அடுத்த நன்றி ஓய்வு பெற்ற நம் தமிழாசிரியருக்கு. ஆங்கிலத்தில் இருந்த குறிப்புகளை எல்லாம் தமிழாக்கியது அவர்தான். அவரோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியது ஒரே இடத்தில். இந்தச் சபையின் மரியன்னை பக்தி முழுவதும் இரண்டு இலத்தீன் வார்த்தைகளில் அடங்கும்: எக்சே, ஃபியாத். கபிரியேல் தூதருக்கு மாதா சொன்ன பதிலில் வருகிறவை. தன்னை முழுவதும் கொடுத்துவிடுவது முதல் வார்த்தை. கடவுள் நினைத்தது நடக்கட்டும் என்று விட்டுவிடுவது இரண்டாவது. அன்னை ஓயாமல் பிடித்துக்கொண்டது இவற்றைத்தான். 1883-இல் தான் நிறுவிய சபையின் தலைமையில் இருந்தே அவரை இறக்கினார்கள். விசாரணை முடிந்து, குற்றமில்லை என்று தெளிந்து, 1884-இல் மறுபடி தேர்ந்தெடுக்கும்வரை அந்த இரண்டு வார்த்தைதான் அவருக்குத் துணை என்று நான் நம்புகிறேன். அவ்வளவு கனமான வார்த்தைகளுக்குத் தமிழில் என்ன போடுவது? 'அர்ப்பணம்', 'இசைவு' என்று எழுதினோம், அடித்தோம். எதுவும் ஒட்டவில்லை.

ஒரு நாள் நண்பகல் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கோயில் மணி அடித்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டு மூவேளைச் செபத்தைத் தொடங்கினார். "இதோ ஆண்டவருடைய அடிமை. உம்முடைய வார்த்தையின்படியே எனக்கு ஆகக்கடவது." ஆசிரியர் பேனாவை எடுத்துவிட்டார். இதோ. ஆகட்டும். நாங்கள் தேடிய இரண்டும் சின்ன வயசில் இருந்து தினம் மூன்று வேளை நம் வாயில் இருந்த வார்த்தைகள். புத்தகத்தின் அட்டையில் இருப்பவை அந்தப் பாட்டியிடம் இருந்து வந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு யாராவது இந்த மடலை வாசித்துக் காட்டுங்கள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மழையை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு மண்டபத்தின் மேற்கு மூலையில் ஒழுக ஆரம்பித்து, சீனாவில் தாயுவானில் 1900 ஜூலை 9 அன்று மறைசாட்சிகளான இதே சபையின் ஏழு சிஸ்டர்களின் பலகை நனைந்து மை வழிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. போன் போட்டது இரண்டு பேருக்குத்தான். அரை மணிக்குள் பதினோரு பேர் வந்தார்கள். தார்ப்பாய் கொண்டுவந்த வேன் ஓட்டுநர், அவர் கிறிஸ்தவரும் இல்லை, ஏணியில் ஏறி நனைந்தபடியே ஓட்டு இடுக்கை அடைத்தார். ஜெராக்ஸ் கடைத் தம்பி மூடின கடையைத் திறந்து படங்களைத் திரும்ப எடுத்துக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டான். ஹாஸ்டல் பிள்ளைகள் ஏழு சிஸ்டர்களின் பெயர்களையும் கையாலேயே எழுதினார்கள். அச்சடித்ததைவிட அழகாக இருந்தது என்று பார்த்த எல்லோரும் சொன்னார்கள். 2000-இல் புனிதர் பட்டம் பெற்ற அந்த ஏழு பேருக்கு நம் பிள்ளைகளின் கையெழுத்தே பொருத்தம்.

இன்னும் சிலர். சென்னையில் இருந்து வந்த ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் பழைய மாணவிகள் இருவர், அந்தக் கல்லூரியை இதே சபை 1947 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய கதையைச் சொன்னார்கள். 'கடல் விண்மீன்' என்று மாதாவுக்குள்ள பெயர்தான் கல்லூரியின் பெயர் என்றதும் பின்வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நல்ல ஞாபகம். சுக்குக் காப்பி போட்ட அன்பியத்து (பங்கின் தெருக் குழு) அக்காமார், நாள் முழுக்க முறை வைத்து நற்கருணை ஆராதனையில் உட்கார்ந்த மரியாயின் சேனை உறுப்பினர்கள், மண்டபத்தைக் கேட்ட உடனே தந்த பங்குத்தந்தை, எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

பீடத் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டு நேற்று மடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிஸ்டர் அதை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்று மணிக்கு மடத்து வாசலுக்கு வந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவில் இருந்து உங்கள் சகோதரி