இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கும் மகளுக்கு

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் சுகம். நீ, மாப்பிள்ளை, குட்டிப் பயல் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். வெயில் ஆரம்பித்துவிட்டது. மொட்டை மாடியில் வடகம் காய்கிறது; காய்ந்ததும் பார்சலில் வரும். பெரிய மாமா வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது. நீ வரவில்லையா என்று கேட்காத ஆள் இல்லை.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து உன் அம்மா, "பொம்பளப் பிள்ளைக்கு அப்பா எழுதுற விஷயமா இது?" என்று அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருக்கிறாள். அரசு ஆஸ்பத்திரி மருந்து கவுன்டரில் நின்றே தலை நரைத்தவன் நான். டாக்டரம்மாவிடம் கேட்கக் கூச்சப்பட்டவர்கள், அந்தக் கம்பி ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டிக்கொண்டே சன்னக் குரலில் என்னிடம் கேட்பார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பதில் சொன்னவன், பெற்ற பிள்ளைக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கர்ப்பப்பையில் வைத்திருந்த அந்த ஹார்மோன் கருத்தடைக் காயிலை நீ எடுத்துவிட்டது எனக்குத் தெரியும். நீ சித்தியிடம் சொன்னாய், சித்தி அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஒருநாள் என்னிடம், "அதை எடுத்ததிலிருந்தே அவளுக்குச் சரியில்ல" என்று வாய்விட்டாள். எதை என்று கேட்டதும் அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்து போய்விட்டாள். சித்திக்குத் தெரியலாம், அப்பாவுக்குத்தான் தெரியக் கூடாது. சரி, போகட்டும்.

மிரீனா என்ற அந்தக் காயிலோடு வரும் தகவல் தாளைத் தேடி எடுத்து, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, பூதக்கண்ணாடி வைத்து முழுக்கப் படித்தேன். உள்ளே லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் 52 மில்லிகிராம். ஆரம்பத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் கசியும், வருஷம் போகப் போகக் குறையும். "அது கர்ப்பப்பையோடு நின்றுவிடும், உடம்பில் ஏறாது" என்று உன்னிடம் அங்கே சொன்னார்களாமே. அது பாதிதான் உண்மை. பெரும்பகுதி வேலை அங்கேதான் நடக்கும், கருத்தடை மாத்திரையைவிட ரத்தத்தில் கலப்பதும் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? தலைவலி, முகப்பரு, மார்பகத்தில் வலி, சினைப்பையில் நீர்க்கட்டி, சிலருக்கு முடி கொட்டுவது, எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கிறது. மனச்சோர்வும் இருக்கிறது, அதுவும் அரிதானவற்றோடு இல்லை, அடிக்கடி வருபவை என்ற பட்டியலில். அதற்குக் கீழே இன்னொரு எச்சரிக்கை வரி உண்டு. நீயும் படித்திருப்பாய். அதை நான் இங்கே எழுதவில்லை.

டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளைப் பார்த்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஹார்மோன் கருத்தடை எடுத்தவர்களில், காயில் வைத்தவர்களையும் சேர்த்துத்தான், மனச்சோர்வு மருந்து எடுக்கத் தொடங்கியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் என்று தெரிந்தது. இதுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "அதெல்லாம் உங்கள் கற்பனை" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பவும் முடியாது. நீ திரும்பத் திரும்பப் போய் நின்று, எடுத்தே தீர வேண்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்தாயே, அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எட்டாம் வகுப்பில் மார்க்கைக் கூட்டியது தப்பு என்று கணக்கு வாத்தியாரிடம் போய் நின்றவள்தானே நீ.

எடுத்துவிட்டால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பாய். மருந்து சில நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும், அது வாஸ்தவம். உடம்பு பழைய ஓட்டத்துக்கு வர அதைவிட நாளாகும். இத்தனை வருஷம் மெலிந்துபோயிருந்த கர்ப்பப்பை உட்சுவர் மறுபடி வளர வேண்டும். மாதவிலக்கு பலருக்கு ஒரு மாதத்தில் வரும், சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். முன்பு உனக்கு ரத்தப்போக்கு அதிகம் என்றுதானே அதை வைத்தார்கள். அதனால் பழையபடி அதிகமாகவே வரலாம், பயப்படாதே. ஆனால் மணிக்கொரு பேட் நனைந்தாலோ, காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். இதற்குப் பதிலாகக் காப்பர்-டி வைக்கச் சொன்னால் யோசித்துச் செய். அதில் ஹார்மோன் கிடையாது, ஆனால் போக்கை இன்னும் கூட்டும். வேறொரு விஷயமும் இருக்கிறது, அடுத்த மாதவிலக்கு வருவதற்கு முன்பேகூட உண்டாகிவிடலாம் என்பது. அதை அம்மா போனில் சொல்லுவாள்.

எடுத்த பிறகு வாரக்கணக்கில் அழுகை, படபடப்பு, தூக்கமின்மை என்று பல பெண்கள் சொல்கிறார்கள். டாக்டர்கள் அதற்கு இன்னும் ஒரு நோய்ப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. பெயர் இல்லாததால் அது பொய்யாகிவிடாது. நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் இருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அவர்மேல் கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

கமலா அத்தையை மனதில் வைத்துத்தான் அப்பா இதையெல்லாம் எழுதுகிறார் என்று நினைப்பாய். இல்லை. அத்தை விஷயம் வேறு. அதையும் இதையும் நீ முடிச்சுப் போட்டுப் பார்க்காதே. அந்தக் காலத்தில் யாரும் அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனைகூட எடுக்கவில்லை. வேப்பிலை அடித்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் ரத்தம் கொடு. எல்லாவற்றையும் காயில் தலையிலேயே கட்டிவிடக் கூடாது, அதுவும் ஒரு தப்பு. களைப்பு, முடி கொட்டுவது, அழுகை, இந்த மூன்றையும் தைராய்டும் செய்யும், ரத்தசோகையும் செய்யும். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அப்புறம் வைட்டமின் டி, நான்கையும் கேட்டு எடு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அது சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடக்கலாம், அதனால் அதைப் பெயர் சொல்லியே கேள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு விழுங்காதே. டீக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு, ஆரஞ்சு ஜூஸோடு போடு. நீ டீயை விட மாட்டாய் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன். முடிக்கு எண்ணெய் அனுப்பச் சொல்லி அம்மா பிடிவாதமாக இருக்கிறாள், அனுப்புகிறேன், தேய்த்துக்கொள். ஆனால் முடி கொட்டுவது காரணம் நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும், மறுபடி முளைத்துத் தெரிய அதைவிட நாளாகும். எண்ணெய்க்கு அந்தக் கணக்கு தெரியாது.

உங்கள் ஊரில் மஞ்சள் அட்டை என்று ஒன்று உண்டு. தாலிடோமைடு மாத்திரையால் கை கால் இல்லாமல் குழந்தைகள் பிறந்த கொடுமைக்கு அப்புறம் 1964-ல் தொடங்கியது. மருந்தால் வந்த தொந்தரவை நோயாளியே நேரடியாக எழுதிப் போடலாம், டாக்டர் கையெழுத்து வேண்டாம். உன்னுடையதையும் எழுது. யாரோ ஒருத்திக்கு உதவும்.

இன்னொன்று. அங்கே 111-க்குப் போன் போட்டு 2-ஐ அழுத்தினால் மனநலத்துக்கென்றே ஆள் எடுப்பார்கள், நடுராத்திரியானாலும். அந்த எண்ணை மாப்பிள்ளைக்கும் அனுப்பியிருக்கிறேன். தேவைப்படாது. இருந்தாலும் போனில் போட்டு வை.

நீ இப்போதெல்லாம் வீடியோவைப் போடுவதில்லை. கேமரா ரிப்பேர் என்கிறாய், பயலிடம் பேசும்போது மட்டும் அதே கேமரா நன்றாக வேலை செய்கிறது. முடி கொட்டினால் கொட்டட்டும், முகம் வீங்கியிருந்தால் இருக்கட்டும். நான் பார்க்க வேண்டும். அம்மா டிக்கெட் பார்க்கச் சொல்கிறாள். நீ வேண்டாம் என்றால் வர மாட்டோம், விசாவுக்கான கடுதாசியை எல்லாம் எடுத்து வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

ரத்தம் கொடு. டீயோடு மாத்திரை போடாதே. ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து என் நம்பருக்கே அனுப்பு, அம்மா வழியாக வேண்டாம்.

அன்புடன்,
அப்பா