ஜோடி வேண்டாம், இரண்டு ஆண் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளுக்கு வளர்ப்புப் பறவை வாங்கித் தருவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான். ஆனால் கூடவே போட்டிருந்த படத்தில் ஒரு சிறுமியின் தோளில் சன் கன்யூர் என்ற வெளிநாட்டுக் கிளி உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு மேலே மின்விசிறி சுழல்கிறது. பறவை வளர்ப்பவர்கள் யாரிடம் அந்தப் படத்தைக் காட்டினாலும் முதலில் கண்ணில் படுவது விசிறிதான். சீலிங் ஃபேனில் அடிபட்டு எத்தனையோ வீடுகளில் பறவைகள் செத்திருக்கின்றன. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். குரோம்பேட்டையில் வீடு. மொட்டை மாடியில் வெகு காலமாக லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை எங்களுக்கு ஒரு ஸ்டேஷன்தான் தள்ளி என்பதால் அடிக்கடி போவேன். வாங்குவதற்கு மட்டும் இல்லை, வேடிக்கை பார்க்கவும்தான். கோடை விடுமுறை வந்துவிட்டால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். பிள்ளை எது அதிக நிறமாக இருக்கிறதோ அதைக் காட்டும். கடைக்காரர் "கைக்குப் பழகின குஞ்சு சார்" என்பார். ஐந்து நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும்.

இப்போது என் மகளே கேட்கிறாள். வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு, மூத்தவன் இரண்டாம் வகுப்பு, அடுத்தது வயிற்றில். "பையன் கிளி கேட்கிறான், எது வாங்கலாம் அப்பா?" என்றாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் வீட்டில் இதே நிலைமைதான் இருக்கும்.

முதலில் பச்சைக்கிளி. அது கூடாது. நம் வீட்டுத் தாத்தா பாட்டி எல்லாரும் வளர்த்தார்கள், உண்மைதான். நான் தபால் கொடுத்த தெருக்களிலும் திண்ணைக்குத் திண்ணை இரும்புக் கூண்டும் சிவப்பு மூக்குமாக ஒன்று இருக்கும். இருந்தாலும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளி, மைனா, சில்லைக் குருவி எதையும் பிடிக்கவோ விற்கவோ வீட்டில் வைக்கவோ முடியாது. 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பச்சைக்கிளி இப்போது அந்தச் சட்டம் பாதுகாக்கும் உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் வருகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் கடலூர் பக்கம் கிளி ஜோசியர் ஒருவரை வனத்துறை பிடித்தது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஏற்கெனவே வீட்டில் கிளி இருந்தால் பயந்துகொண்டு ஜன்னலைத் திறந்து விட்டுவிடாதீர்கள். இறக்கை வெட்டிய கிளி தெருமுனை தாண்டாது, பூனையோ காக்கையோ பார்த்துக்கொள்ளும். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரி.

சந்தையில் சின்னக் குருவிகள் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று கலர் கலராக இருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். சில சமயம் அது சாயம் அடித்த சில்லையாக இருக்கும். சாயக் கோழிக்குஞ்சு வேறு கதை. அது சட்ட விரோதப் பறவை இல்லை, ஆனால் பொரிப்பகத்தில் வேண்டாம் என்று கழித்த சேவல் குஞ்சு. ஒரு வாரத்துக்குள் பிள்ளை அழும். அதை வாங்கிக் கொடுக்கிற மாமாக்களை என்ன சொல்வது!

அப்புறம் சன் கன்யூர். அழகு, மறுக்கவில்லை. ஆனால் அடுக்குமாடியில் அது காலையில் ஒரு முறை கத்தினால் கீழ்வீடு, மேல்வீடு இரண்டும் எழுந்துவிடும். கைக்குழந்தை தூங்குகிற வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். நன்றாக வைத்துக்கொண்டால் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். அதாவது இன்றைக்கு இரண்டாம் வகுப்புப் பையன் வேலைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளும்போதும் அது இருக்கும். 2024இல் வந்த விதிப்படி இந்த மாதிரி வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் செய்ய வேண்டும். விற்கும்போது இதை எடுத்துச் சொல்லும் கடைக்காரரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

காக்டெயில் என்ற கொண்டை வைத்த சின்னக் கிளி எனக்குப் பிடித்த பறவை. சீட்டியடிக்கும், தோளில் ஏறி உட்காரும், கொண்டையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். பதிவு எதுவும் தேவையில்லை. ஆனாலும் வளரும் குடும்பத்துக்கு முதல் பறவையாக நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒன்று, அதன் உடம்பிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். கறுப்பு டிவியின் மேல் விரலை வைத்து இழுத்தால் தெரியும். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் அவ்வளவுதான். இன்னொன்று, கைக்குப் பழகிய காக்டெயில் ஆளைத் தேடும். முதல் ஆறு மாதம் எல்லாரும் கொஞ்சுவார்கள். பிறகு குழந்தை பிறக்கும், வீடே தலைகீழாகும், பறவையை யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள். அது கத்த ஆரம்பிக்கும், சிறகைப் பிடுங்கிப் போடும். "இது முன்ன மாதிரி இல்ல, யாருக்காவது குடுத்துடலாம்" என்று எனக்கு வருகிற போன்களில் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

மிச்சம் இருப்பது பட்ஜி. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் தருவது இதைத்தான். கடைக்காரர் "ஆப்பிரிக்கன்" என்று சொல்வது வேறு இனம், கடி பலமாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் விரலுக்கு ஆகாது. பட்ஜி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதியில் கூட்டம் கூட்டமாகப் பறந்து புல் விதை தின்று வாழும் பறவை. நம் சென்னை வெயிலை நிழல் இருந்தால் தாங்கும், தினை கிடைத்தால் சந்தோஷப்படும். வாழ்நாள் ஐந்திலிருந்து பத்து ஆண்டு. சத்தமும் ஒரு சலசலப்புதான். கூட்டப் பறவை என்பதால் ஒற்றையாக வைத்தால் அதற்கு நாள் முழுக்கத் துணை வேண்டும். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிற வீட்டில் அதற்கு யார் இருப்பார்கள்? அதனால் இரண்டு வாங்குங்கள்.

இங்கேதான் கடைக்காரருக்கும் எனக்கும் ஒத்துவராது. அவர் ஒரு ஆண், ஒரு பெட்டை, ஒரு மண்பானை என்று செட்டாகக் கொடுப்பார். நான் இரண்டு ஆண், பானை வேண்டாம் என்கிறேன். காட்டில் இவை மரப்பொந்தில் முட்டையிடுபவை. இருட்டான ஓட்டையைக் கண்டாலே பெட்டை முட்டைக்குத் தயாராகிவிடும். நான்கு முதல் ஆறு முட்டை, பதினெட்டு நாள் அடை, ஐந்து வாரத்தில் குஞ்சு வெளியே வந்துவிடும். அதற்குள் அடுத்த முட்டை. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சுண்ணாம்புச் சத்து போதாமல் முட்டை வெளியே வராமல் அடைத்துப் பெட்டை செத்துப் போவதும், பன்னிரண்டு பறவையை ஒரே கூண்டில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் "வேணுமா, வேணுமா" என்று கேட்பதும் இதில்தான் ஆரம்பம். இரண்டு பெட்டைகளை ஒன்றாகப் போட்டால் சண்டை வரும். இரண்டு ஆண் என்றால் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டு, தலையைக் கோதிக்கொண்டு நிம்மதியாக இருக்கும். பேசக் கற்றுக்கொள்வதும் பெரும்பாலும் ஆண்தான். ஆனால் இரண்டு சேர்ந்து இருந்தால் தங்களுக்குள் பேசிக்கொள்ளுமே தவிர நம்மிடம் அவ்வளவாகப் பேசாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆணை எப்படிக் கண்டுபிடிப்பது? அலகுக்கு மேலே மெழுகு ஒட்டி வைத்தாற்போல் ஒரு சதைப்பகுதி இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது நீலம், பெட்டைக்குப் பழுப்பு. அந்த அளவு வளர்ந்ததை வாங்கினால் கைக்குப் பழகுவது கஷ்டம், எனவே இளசாகத்தான் எடுக்க வேண்டும். இளசில் ஆணுக்கு அந்தச் சதை ரோஸும் ஊதாவும் கலந்து ஒரே சீராக இருக்கும். பெட்டைக்கு மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். இளசு என்பதற்கு அடையாளம் நெற்றிக் கோடு. தலையில் உள்ள கறுப்பு வரிகள் அலகு வரை இறங்கியிருந்தால் மூன்று, நான்கு மாதத்துக்கு உட்பட்டது. நெற்றி வெறும் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெளிந்திருந்தால் அந்த வயதைத் தாண்டிவிட்டது. சிவப்புக் கண் வெள்ளையிலும் மஞ்சளிலும் இந்த அடையாளங்கள் குழப்பும். முதல் முறை வாங்குபவர்கள் பச்சையோ நீலமோ எடுப்பது நல்லது.

கூண்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். எல்லாம் கிளைக்குக் கிளை தாவும்போது ஒன்று மட்டும் பந்து மாதிரி உப்பி ஓரத்தில் இருந்தால் அது வேண்டாம். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினால் வேண்டாம். பின்பக்கச் சிறகில் எச்சம் ஒட்டியிருந்தால் வேண்டாம். பறவை நோயைக் கடைசி வரை மறைத்துக்கொள்ளும், வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும். "வீட்டுக்குப் போனா சரியாகிடும் சார்" என்பதை நம்பாதீர்கள்.

கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது பக்கவாட்டில்தான் பறக்கும். கம்பிகளுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. வைக்கும் இடம் அதைவிட முக்கியம். சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போய்விட்டால், அளவுக்கு மீறிச் சூடான அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை நமக்கு வாசனையாகக்கூடத் தெரியாது; பறவை சில நிமிடங்களில் விழுந்துவிடும். சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை நிறுத்துங்கள் என்று என் மனைவியிடமே நான் சொல்ல முடியாது. அந்த நேரம் கூண்டைத் தூக்கி வேறு அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிடுவேன். வெளியே பறக்க விடும் முன் விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கண்ணாடியில் திரையை இழுத்துவிட வேண்டும்.

தீனி என்றால் தினை மட்டும் போதும் என்று நினைக்கிறார்கள். அது மட்டும் தின்றால் கொழுத்துத்தான் போகும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் கொடுங்கள். கூண்டில் கடல்நுரை, அதாவது கணவாய் மீனின் ஓடு, ஒரு துண்டு மாட்டுங்கள். வெண்ணெய்ப்பழம், சாக்லெட், வெங்காயம் கூடாது. பிள்ளைகள் ஆசையாக நீட்டுகிற மிக்சரும் முறுக்கும் கூடாது.

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை பிறந்து வீடு ஒரு நிலைக்கு வந்த பிறகு வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். காய்ந்த எச்சத்தின் தூளை மூச்சில் இழுத்தால் மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளிக்காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. பயப்படும் அளவுக்கு அடிக்கடி வருவது இல்லை. இருந்தாலும் பிள்ளைத்தாய்ச்சி கூண்டைச் சுரண்ட வேண்டாம். கூண்டுக்கு அடியில் எச்சம் விழும் தட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு மருமகன் கழுவட்டும். பையனுக்குத் தினமும் காலையில் தண்ணீர் மாற்றும் வேலை போதும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பறவையைப் பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று சொல்லி வாங்குகிற வீடுகளில் கூண்டு எப்படி இருக்கும் என்பது தபால்காரனுக்குத் தெரியும். தட்டைப் பார்த்தாலே அந்த வீட்டில் யார் பொறுப்பில் பறவை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மருமகன் சரி என்றிருக்கிறார். பார்க்கலாம்.

ஆசிரியருக்கும், உங்கள் வழியாக அரசுக்கும் இரண்டு கோரிக்கை. வளர்ப்புப் பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பதிவுச் சான்றை வாங்குபவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறார்களா என்று உங்கள் நிருபர் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை சுற்றிப் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும். இரண்டாவது, மருத்துவம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்களுக்கே பறவையோடு ரயில் ஏறி எழும்பூர் வரை போவது பெரிய பாடு. மற்ற மாவட்டங்களில் ஆடு மாடு பார்க்கும் மருத்துவரிடம் கையளவு பறவையைக் கொண்டுபோனால் அவரும் என்ன செய்வார்? மாவட்டத் தலைநகர் கால்நடை மருத்துவமனைகளில் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், பறவைகளுக்கு என்று பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரை உட்கார வைக்கக் கால்நடை பராமரிப்புத் துறை ஏற்பாடு செய்யலாம். அந்தக் கிழமையையும் நேரத்தையும் உங்கள் நாளிதழில் போட்டால் நிறையப் பேர் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
குரோம்பேட்டை, சென்னை.