சக்கரம் தொங்கும்போது புஷ்ஷை இறுக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்க சஸ்பென்ஷனைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையில் ஒரு திருத்தம். எல்லா போல்ட்டுகளையும் இறுக்கிவிட்டுக் காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கச் சொல்கிறது. அப்படிச் செய்தால் அதே வேலையை விரைவிலேயே மறுபடி செய்ய வேண்டிவரும்.

கீழ் விஷ்போனின் (சக்கரத்தைத் தாங்கும் கையின்) உள்முனைக்குப் பலரும் இப்போது வாங்குவது இதே காரின் வி8 இன்ஜின் மாடலுக்கான புஷ், அதாவது இணைப்பில் பொருத்தும் உறை. அதில் ரப்பர் இரும்புக் குழாயோடு ஒட்டியே வருகிறது. நட்டை இறுக்கியதும் குழாய் அசையாது. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் நிற்கும்போதுகூட ரப்பர் முறுக்கிலேயே இருந்து கிழிந்துபோகும். அதுவரை காரின் மூக்கும் சற்றுத் தூக்கலாக நிற்கும். நட்டுகளைத் தளர்வாக விட்டு, காரை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, மூக்கை அமுக்கி ஆட்டிய பிறகு, பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே இறுக்க வேண்டும்.

பிரிக்கும் முன் ஒரு சோதனை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் கிங்பின், அதாவது சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சுத்தண்டு. கிங்பின் புஷ்ஷை மாற்றினால் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் கருவி) போட்டே ஆக வேண்டும், மேல் கீழ் இரண்டும் ஒரே நேர்கோட்டில். அது லேத் பட்டறை வேலை, வீட்டில் முயல வேண்டாம். ஷாக் அப்சார்பரின் கைதான் இந்தக் காரில் மேல் விஷ்போன். ஆகவே அதன் தண்டில் ஆட்டமோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் புதுப்பித்த ஒன்றை மாட்டுவதே சரி.

காயில் ஸ்பிரிங்கைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. கவனக்குறைவாக விடுவித்தால் அது ஆளையே கொல்லும். ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, கிங்பின்னின் மேல் முனை போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இன்ஜினை வெளியே எடுத்திருந்தால் இந்த முறை உதவாது: ஸ்பிரிங் அமுங்குவதற்குப் பதில் காரே மேலே எழும்பும்.

ஆனால் கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையைத் தொடக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் மூன்று நிப்பிள்கள் (கிரீஸ் ஏற்றும் முனைகள்). புது கிரீஸ் விளிம்பில் பிதுங்கும்வரை அடியுங்கள்.

கடைசியாக அலைன்மென்ட். டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1/16 முதல் 3/32 அங்குலம். கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), காஸ்டர் (கிங்பின்னின் முன்பின் சாய்வு) இரண்டுக்கும் இந்தக் காரில் சரிசெய்யும் வசதியே கிடையாது. அளவு தவறியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்