நுரை இல்லாத நுரையீரல்

அன்பு நெட்டையா,

தீபாவளியன்று நீ மூன்று முறை அழைத்தும் நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டிருப்பாய். அன்று நான் மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மகளுக்கு 28ஆவது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, 1,050 கிராம். யாரிடமும் பேச நா எழவில்லை. தங்கைக்கு மூட்டு வலி குறைந்ததா? பினாங்கில் மழை விட்டதா? சரி, மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது அந்த மார்புதான். மூச்சை இழுத்தால் நமக்கு மார்பு உயரும்; அவளுக்கு உள்ளே குழிந்தது. விலா எலும்புகள் குடைக்கம்பிகளாகத் தெரிந்தன. மூச்சு வெளியேறும்போதெல்லாம் ஒரு முனகல். வலியில் அழுகிறாள் என்று கலங்கிவிட்டேன். "அழுகை இல்லை ஐயா, காற்று முழுவதும் போய்விடாமல் தொண்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்" என்றார் தாதி. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு?

உடனே நம் உமறுப்புலவர் பள்ளியின் மணிச்சாடி நினைவுக்கு வந்தது. அடியில் ரப்பர் தோல், உள்ளே இரண்டு பலூன்கள். நீ இழுத்துக் கிழித்துவிட்டு என்னைக் காட்டிக்கொடுத்தாயே, அதேதான். ரப்பரைக் கீழே இழுத்தால் பலூன்கள் உப்பும்; மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசை இறங்கினால் நுரையீரல் விரியும். நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. ஆனால் அந்தச் சாடி காட்டாத ஒன்று உண்டு. புதுப் பலூனை ஊதும்போது முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும். கொஞ்சம் காற்று உள்ளே நின்றுவிட்டால் அடுத்தது எளிது. நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான காற்றுப்பைகளும் அப்படித்தான். அவற்றின் உட்சுவரில் படிந்திருக்கும் ஈரம் பையைச் சுருக்கப் பார்க்கும். அந்த இழுப்பைத் தளர்த்த நுரையீரலே வழுவழுப்பான ஒரு பொருளைச் சுரக்கிறது, சர்ஃபக்டன்ட் என்கிறார்கள். அது போதிய அளவு சேர ஏறக்குறைய 35 வாரம் ஆகும். என் பேத்திக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் ஊதல்.

மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர், இப்படி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரையே இல்லை என்பதைக் கவனித்து, இந்த சர்ஃபக்டன்ட் குறைவுதான் காரணம் என்று கண்டு எழுதியது 1959இல். நீயும் நானும் பிறந்த வருடம்! நம் மொழியில் அந்த உறுப்பின் பெயரிலேயே நுரை இருக்கிறது. அறுபது வருடமாக அதைச் சொல்லிவந்தும் நான் ஒருநாளும் யோசித்ததில்லை. காரணம் தெரிந்தும் மருந்து உடனே வரவில்லை. 1963இல் அதிபர் கென்னடியின் மகன் இதே நோயால் பிறந்த 39 மணி நேரத்தில் இறந்தான். ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த பொருளைக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டது 1980இல்.

குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். லாக்டிக் அமிலம் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். "காற்று வாங்குவது நுரையீரல், சுவாசிப்பது உயிரணு" என்று வாத்தியார் பலகையில் எழுதிப்போட்டாரே, அதன் பொருள் எனக்கு அந்த இரவில்தான் விளங்கியது. ஆக்சிஜன் கிடைத்தால் உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறக்குறைய 30 ஏடிபி வரை எடுத்துக்கொடுக்கும்; ஏடிபிதான் உயிரணு செலவழிக்கும் ஆற்றல் காசு. கிடைக்காவிட்டால் வெறும் 2. மிச்சம் அமிலமாகத் தேங்கும். அந்த இரண்டை வைத்துக்கொண்டு அவள் விலாவை இழுத்து இழுத்துப் போராடிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் உறவினர் ஒருவர், "ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதம்தான் தங்காது" என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனசுதான், ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த நுரைக்கு லாபம். இதைச் சொல்லி மகளின் மனத்தைக் குழப்பாதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

பிறகு பால்போல வெள்ளையாக இரண்டரை மில்லிலிட்டர் மருந்தை மெல்லிய குழாய் வழியாக மூச்சுக்குழாயில் விட்டார்கள். பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்ததாம். அவள் பாதத்தில் கட்டியிருந்த சிவப்பு விளக்கையும், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று திரையில் தெரிந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 84... 88... 93. அவளுக்குக் கொடுத்த காற்றில் ஆக்சிஜனை 60 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 30க்குக் குறைத்தார்கள். முனகல் நின்றது. நெட்டையா, அந்த அமைதியில்தான் நான் அழுதேன்.

இன்று 23ஆம் நாள். 1,280 கிராம். நேற்று என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வீட்டுக்கு வர இன்னும் ஒன்றரை மாதமாவது ஆகும். அதற்குப் பிறகு நீயும் தங்கையும் கட்டாயம் வர வேண்டும். உன் அறிவியல் நோட்டை நீ தூக்கிப்போட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்த மணிச்சாடிப் படம் இருக்கும் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, மகளுக்குக் காட்ட வேண்டும்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்