குகையில் கை வைக்கும் முன் இன்ஜினை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலை ரயில் பாதைகளையும் கிளைப் பாதைகளையும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பாலத்தை உயர்த்த வேண்டும், ரயில் செல்லும் குகையை அகலப்படுத்த வேண்டும், அதற்குப் பணம் இல்லையென்றால் பாதையை மூடிவிட வேண்டும் என்ற அளவிலேயே விவாதம் நின்றுவிடுகிறது. பாதையைத் தொடாமல், அதற்கு ஏற்றாற்போல் டீசல் இன்ஜினை மாற்றிக்கொள்வது என்ற வழியும் உண்டு. டீசல் இன்ஜின்களைப் பராமரிக்கும் ஷெட்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

பிரிட்டனின் தெற்கு வேல்ஸில் பரி போர்ட் துறைமுகத்திலிருந்து குவெண்ட்ரேத் பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்ற ரயில் பாதையின் பெரும்பகுதி ஒரு பழைய கால்வாயின் தடத்தில் போடப்பட்டது. கால்வாயின் மேல் இருந்த பாலங்கள் படகு நுழைந்து வெளிவரும் அளவுக்கே உயரம் கொண்டவை. நீராவிக் காலம் முடிந்து டீசல் வந்தபோது, வழக்கமான இன்ஜின் எதுவும் அந்தப் பாலங்களுக்கு அடியில் செல்ல முடியவில்லை. எனவே 204 குதிரைத்திறன் கொண்ட ‘03’ வகை ஷண்டிங் (பெட்டிகளை இடம் மாற்றிச் சேர்க்கும்) இன்ஜின்கள் சிலவற்றின் ஓட்டுநர் அறையைக் குட்டையாக்கி அங்கே ஓட்டினார்கள். அந்தத் தேர்வுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தாழ்வான அந்தப் பாதையில் அடிக்கடி வெள்ளம் ஏறும். அச்சோடு சேர்ந்து தொங்கும் மின் மோட்டார்கள் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும். ‘03’ வகையிலோ கியர் பெட்டி வழியாகவே சக்கரம் சுழன்றது. பிறகு 1980-களில், மின் மோட்டாரால் சக்கரம் சுழலும் வகையே என்றாலும், 350 குதிரைத்திறன் கொண்ட ‘08’ வகை டீசல்-எலக்ட்ரிக் இன்ஜின்கள் ஐந்தின் ஓட்டுநர் அறையை வெட்டி, ஏறத்தாழ 12 அடி 8 அங்குலமாக இருந்த உயரத்தை 11 அடி 10 அங்குலமாகக் குறைத்தார்கள். 1990-களில் நிலக்கரிப் போக்குவரத்து நிற்கும் வரை அந்தப் பாதை அப்படியே பயன்பட்டது.

பத்து அங்குலம் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். அந்த இரு வகை இன்ஜின்களிலும் டீசல் எந்திரத்தின் மேல்மூடி தாழ்வாகவும் ஓட்டுநர் அறை மட்டும் உயரமாகவும் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. எந்திரமே உயரமாக இருக்கும் இன்ஜினில் கூரையை வெட்டுவதால் எதுவும் ஆகாது. தகட்டை வெட்டி மீண்டும் பற்றவைப்பது எந்தப் பணிமனைக்கும் கடினமான வேலை அல்ல. உள்ளே நிற்கும் மனிதருக்கு இடம் செய்வதுதான் கடினம். கூரை இறங்கினால் சன்னலின் உயரமும் குறைகிறது, இருக்கையைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது, முன்னால் இருக்கும் சிக்னல் கண்ணில் படுமா என்பதை ஓட்டுநரை அங்கே உட்காரவைத்தே பார்க்க வேண்டியிருக்கிறது. எனவே இந்த வேலையை ஒட்டுப்போடுதல் என்று யாரேனும் சொன்னால் என்னால் ஏற்க முடிவதில்லை.

உயரத்தைப் போலவே அகலமும் தடையாகலாம். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் பாதையில் குகைகளுக்குள் கட்டிய செங்கல் அடுக்குகளில் ஒப்பந்ததாரர்கள் குறைவைத்தது 1850-களில் தெரியவந்தது; உட்புறம் கூடுதல் அடுக்குகளைக் கட்டிப் பலப்படுத்தியதில் குகைகள் குறுகிவிட்டன. அந்தப் பாதைக்காகவே 1962-இல் 12 டீசல் இன்ஜின்களை, வழக்கமான 9 அடி 3 அங்குல அகலத்துக்குப் பதிலாக 8 அடி 8 அங்குலத்தில் கட்டினார்கள். 1986-இல் மின்மயமானபோதும் குகைகளை இடிக்காமல், குறுகிய இடங்களில் இரட்டைப் பாதையை ஒற்றையாக்கி நடுவில் அமைத்துக்கொண்டார்கள்.

இவற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், 16 குகைகள். 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை. குன்னூருக்கு மேலே இன்று ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜின்கள் வண்டியை இழுக்கின்றன. அவை சமவெளியின் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) பாதைகளில் ஓடிய அதே வகை. அந்தப் பாதைகளில் பெரும்பாலானவை அகலப்பாதைகளாக மாறிவிட்ட நிலையில், உதிரிபாகம் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகும். நாளை அவற்றுக்கு மாற்று தேவைப்படும்போது, வேறெங்கோ ஓடுவதற்காக வரைந்த இன்ஜினைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அது நுழையவில்லை என்பதற்காகக் குகையின் பாறையைக் கொத்தும் நிலை வந்துவிடக் கூடாது. செங்கோட்டை–புனலூர் பாதையில் தண்டவாளத்தின் அகலமே மாறியது, அதனால் அங்கே வேலை தவிர்க்க முடியாததாயிற்று. நீலகிரியில் அந்தக் கட்டாயம் இல்லை.

அளக்கும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. நின்றிருக்கும் இன்ஜினை அளந்தால் போதாது. வளைவில் நீளமான இன்ஜினின் நடுப்பகுதி உட்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் தள்ளிக்கொள்ளும். சுருள்வில் தளர்ந்தால் பக்கவாட்டில் ஆடும். வளைவிலேயே குகை அமைந்த இடத்தில் காகிதத்தில் தெரியும் இடைவெளியை நம்ப முடியாது.

நீலகிரிக்கான, செங்குத்தான ஏற்றத்தில் பற்றி ஏற உதவும் பல்சக்கரம் கொண்ட நீராவி இன்ஜின்களைப் புதிதாகக் கட்டித் தந்த பொன்மலைப் பணிமனை திருச்சியிலேயே இருக்கிறது. ரயில்வே நிர்வாகம் ஒவ்வொரு குகையின் மிகக் குறுகிய இடத்தையும் இப்போதே அளந்து, அந்த அளவுகளைப் பொதுவெளியில் வைத்து, புதிய டீசல் இன்ஜினின் வரைபடத்தை அங்கிருந்து தொடங்கும்படி அந்தப் பணிமனையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீசல் ஷெட் ஊழியர்,
திருச்சிராப்பள்ளி